உறைந்தவனுக்கு ஏழாம் நாள் எப்போது?

1

“ஐஸ் பெட்டிக்குக் காவல் இருக்கவா இம்புட்டு வருசம் படிச்ச?” என்று கேட்டார் என் சித்தப்பா. யாங்கூனில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, என்ன வேலை என்று விளக்கி முடித்த பிறகு கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் ஐஸ் பெட்டி என்றால் ஒன்றுதான். சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் கண்ணாடிப் பெட்டி. வெளிநாட்டு மகன் வந்து முகம் பார்க்கும்வரை உடல் கெடாமல் இருக்க. நான் பார்க்கப்போவது அது இல்லை என்று பொறுமையாகச் சொல்ல அன்றைக்கு எனக்கு மனமில்லை.

“அதுல செத்தவங்கள வைப்பாங்க சித்தப்பா. நான் பாக்கப்போறதுல பிறக்காத புள்ளைங்கள வைப்பாங்க.”

“அது இன்னும் மோசம்லா” என்றார்.

அதற்கு இந்த வாரத்தோடு ஆறு வருடம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தைத் திங்கட்கிழமை ஆறாவது முறையாக நிரப்பிக் கொடுத்தேன். முதல் வருடம் மூன்று தாள்களைக் கெடுத்தேன். இப்போது வரிசையில் நிற்கும்போதே முழங்காலில் வைத்து எழுதிவிடுகிறேன். எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள்.

படிவம் நிரப்புவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் தெருவின் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், கேஸ் இணைப்பு எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். பெரியவர்கள் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு நான் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். என்ன எழுதினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதை என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

2

நான் வேலை செய்வது ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வகத்தில். குடியிருப்பது தின்கன்ஜூனில், இரண்டு பர்மியத் தோழிகளோடு. காலையில் மீன்சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் மொஹிங்கா கடை, பிறகு பஸ், பிறகு டேங்குகள். கருக்களையும் விந்தணுக்களையும் மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் மூழ்க வைத்திருப்போம். கரண்ட் போனால் எல்லாம் கெட்டுவிடாதா என்று ஊரிலிருந்தும் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். இங்கே கேட்பதில் நியாயம் உண்டு. இந்த நகரத்தில் கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் அரிசி களைகிறோம். ஆனால் இந்த டேங்குக்குக் கரண்ட் வேண்டாம். பெரிய பிளாஸ்க் மாதிரித்தான். நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திங்கள், வியாழன் இரண்டு நாளும் மர அளவுகோல் ஒன்றை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஒருமுறை வீசுவேன். திரவம் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அதைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு வியாழக்கிழமை அருள் வந்தான். கூடவே அவன் அம்மா டோ மியா. அவனுக்கு இருபத்து நாலு வயது, ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கினால் பிறகு குழந்தை பிறக்காமல் போகலாம், முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள் என்று அவனுடைய மருத்துவர் அனுப்பியிருந்தார். அப்பா தமிழர், துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். அம்மா பர்மியப் பெண், பௌத்தர். வீட்டில் அருள், பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் ஆங் லின். தமிழ் பேசுவான், நடுநடுவே பர்மியச் சொல்லைப் போட்டு நிரப்பிக்கொள்வான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. “தமிழ் காதுக்குத்தான்க்கா. கண்ணுக்கு இல்ல” என்பான்.

அன்று கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. பர்மியத்தில் விளக்கிச் சொல்லும் நர்ஸ் விடுப்பில் இருந்தாள். ஆங்கிலத்தில் நாலு பக்கப் படிவம். பெயர், வயது, விலாசம் கேட்டுக் கேட்டு நானே மளமளவென்று நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் “இங்க ஒரு கையெழுத்து” என்றேன். போட்டான். சின்னக் குழாயைப் பார்த்து, “இவ்வளவுதானா? என் வம்சம் முழுக்க ஒரு ஸ்ட்ராவுலயா?” என்று சிரித்தான். டோ மியா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

3

தாமுவே சந்தையை ஒட்டிய வரிசையில் அவனுக்கு ஒரு போன் பழுதுபார்க்கும் கடை. ஆள் நிற்கும் அகலம்தான் இருக்கும். சிகிச்சை முடிந்து தேறி வந்ததும் மறுபடி திறந்தான். என் போனின் உடைந்த கண்ணாடியை மாற்றித் தந்தான். வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய் நின்று அவனுடைய ஓட்டைத் தமிழைக் கேட்டுவிட்டு வருவேன். என் ஓட்டைப் பர்மியத்தை அவன் திருத்துவான். போன மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை மருத்துவர்கள் அதிகம் பேசவில்லை.

ஒருநாள் மதியம் கடைக்குப் போனபோது கேட்டான்.

“அக்கா, என்னோடத வைக்க முடியுதுன்னா என்னை ஏன் வைக்க முடியாது? நான் என்ன அவ்வளவு குண்டா?”

சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவன் ஒரு செத்த போனைக் கையில் எடுத்தான்.

“இது ஆன் ஆகாது. எவன்கிட்டப் போனாலும் முடிஞ்சுதுன்னு சொல்வான். நான் போர்டைக் கழட்டி டப்பாவுல போட்டு வைப்பேன். ரெண்டு வருசம் கழிச்சுப் புது மெசின் வரும், போட்டோ எல்லாம் வெளிய வந்துரும். அழிஞ்சது வேற, ஆஃப் ஆனது வேற. டாக்டருங்க ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றாங்க.”

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒரு நிறுவனம், இறந்தவர்களைக் கடுங்குளிரில் வைத்துக் காப்பதை, என்றைக்காவது மருத்துவம் வளர்ந்தால் எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் காப்பதை, போனில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தான். வீடியோக்களைப் பர்மிய எழுத்துகளோடு பார்த்திருக்கிறான். விண்ணப்பம் மட்டும் ஆங்கிலம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கரு என்பது சில செல்கள். பாதுகாப்புத் திரவம் நிமிடங்களில் உள்ளே ஊறிவிடும், பனிக்கட்டி உண்டாகிக் கிழிக்காது. முழு மூளைக்குள் அது எல்லா இடத்துக்கும் ஒரே சீராகப் போய்ச் சேராது. போகாத இடம் உடையும். இதயம் நின்ற அந்த நேரத்திலேயே ஆட்கள் பக்கத்தில் இருந்து வேலையைத் தொடங்க வேண்டும். யாங்கூனில் அப்படி ஒருவரும் இல்லை. இங்கிருந்து உடலை வெளியே கொண்டுபோக எத்தனை அலுவலகம், எத்தனை முத்திரை! அதற்குள் எல்லாம் தாமதமாகிவிடும். இதுவரை ஒருவரைக்கூட யாரும் எழுப்பிக் காட்டியதில்லை.

“முடியாதுன்னு சொல்றீங்களா, இப்ப முடியாதுன்னு சொல்றீங்களா?”

“இப்ப முடியாது. எப்பவுமே முடியாதுன்னு எனக்குத் தெரியாது.”

“அது போதும். ஃபார்ம போடுங்க.”

அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு படிவத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவனுடைய போனில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆங் என்பதைப் பெயராகவும் லின் என்பதைக் குடும்பமாகவும் உடைத்துப் போட்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“இருநூறு வருசம் கழிச்சு மிஸ்டர் லின்னு கூப்பிட்டு எழுப்புவாங்களா? நான் திரும்பியே பாக்கமாட்டேனே.”

அனுப்பிவிட்டேன். அன்று அவன் முகத்தில் வந்த தெளிவை நான் என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்கு உதவிவிட்டேன் என்ற நிறைவோடு பஸ் ஏறினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். உறுப்பினராகச் சேரலாம், உங்கள் நாட்டிலிருந்து உரிய நேரத்தில் கொண்டுவர முடியும் என்று உறுதி தர இயலாது, நெருங்கிய உறவினர் ஒருவரின் எழுத்துச் சம்மதம் தேவை. நெருங்கிய உறவு என்றால் டோ மியாதான். அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. “நீங்க சொல்லுங்கக்கா, நீங்க படிச்சவங்க” என்றான். அதற்குள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, தாகேதாவில் வீட்டோடு படுத்துவிட்டான்.

4

தாகேதாவுக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும். ஒற்றை அறை வீடு. அருள் சுவரோரம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். டோ மியா எனக்குத் தேநீர் ஊற்றிவைத்தார். வீட்டுக்காரரிடம் கற்ற தமிழ் அவருடையது. வாக்கியத்தின் முடிவில் ‘சரிதானே’ என்பது போல ஒரு பர்மிய ‘நோ’ சேர்த்துக்கொள்வார். என்னைத் ‘தமீ’ என்பார், மகளே என்று அர்த்தம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்ததும் குளிரவைப்பார்கள், டேங்கில் வைப்பார்கள், எத்தனை வருடம் ஆனாலும் கெடாது, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அழுவார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கடிதத்தைக் கையில் வாங்கி, புரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போடறேன் தமீ. புள்ளைக்கு வேணும்னா போடறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. ஏழாம் நாள் எப்ப வரும்?”

எனக்குப் புரியவில்லை.

“இவங்க அப்பா போனப்ப ஏழு நாள் கதவு தொறந்து வச்சேன். தட்டு வச்சேன், தண்ணி வச்சேன். உயிரு வீட்டுலதான் சுத்திட்டு இருக்கும், நோ. ஏழாம் நாள் பொங்ஜிங்கள, மடத்துப் பிக்குங்களக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, தண்ணி ஊத்தி, ‘நீ போ, இனிமே இது உன் வீடு இல்ல’ன்னு சொல்லணும். சொன்னாத்தான் அதுக்குப் போகத் தெரியும். உங்க ஆளுங்க பதினாறாம் நாளும் வந்து செஞ்சாங்க. ஆனா அவரு ஏழாம் நாளே போயிட்டாரு. சுறுசுறுப்பான மனுசன்.”

கொஞ்சம் சிரித்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்.

“இவன் பெட்டிக்குள்ள இருந்தா செத்தவனா, இல்லையா? செத்தவன்னா ஏழாம் நாள் செய்யணும். செஞ்சு ‘போ’ன்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்க எழுப்புறது யார? சாகலன்னா நான் சொல்லக்கூடாது. அப்ப எத்தன நாள் கதவ தொறந்து வைக்க? வெளிய செத்த உடம்ப எங்க வார்டுக்குள்ள, இந்தப் பேட்டைக்குள்ள கொண்டு வரவே விடமாட்டாங்க. எழுந்து நடந்து வந்தா விடுவாங்களா? உன் பேப்பர்ல அதுக்கு என்ன எழுதியிருக்கு?”

நான் நிரப்பிய எழுபது எண்பது கட்டங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்தது, டேங்கில் பார்த்தது, எதிலும் இல்லை.

“எழுதல டோ மியா” என்றேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவன் தூங்கவேயில்லை.

“எல்லாக் கட்டமும் போட்டானுங்க. முக்கியமானத விட்டுட்டானுங்க.”

டோ மியா திரும்பவில்லை. தேநீர்க் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்க்கா” என்றான். “இவங்க கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பாங்க. தாகேதாவுல கொசு வேற.”

“உனக்கு வேணும்னா நான் உக்காருவேன்” என்றார் டோ மியா.

“தெரியும். அதான் வேணாங்கறேன்.”

பிறகு அவன் என் பக்கம் திரும்பி, “அப்ப உங்க டேங்குல இருக்குறது? நான் போனா அது என்ன ஆகும்?” என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

5

மறுநாள் காலை முதல் வேலையாக அவனுடைய கோப்பை எடுத்தேன். நாலாம் பக்கம். ‘சேமித்தவர் இறந்தால்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள். மனைவியிடம் ஒப்படைக்க, ஆராய்ச்சிக்குக் கொடுக்க, அழித்துவிட. மூன்றாவது கட்டத்தில் என் பேனாவின் டிக். கல்யாணமாகாத ஆண்களுக்கு அதைத்தான் போடுவோம், பழக்கம். அதன் கீழே வட்டமான பர்மிய எழுத்தில் அவன் கையெழுத்து. அன்றைக்கு ஜெனரேட்டர் சத்தத்தில் அவனுக்கு ஒரு வரிகூட நான் வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியும் அழிக்கத்தான் போகிறார்கள், யாருக்கும் தெரியாது. மருத்துவமனையில் யாரும் இதைத் தவறு என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் பெருவிரலில் மை காயக் காத்திருந்த எங்கள் தெருப் பெரியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் என்ன எழுதினேன்? சரியாகத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. படித்தவள் என்று நான் தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் அவர்கள் கேட்காமல் இருந்ததால்தான்.

வேலை முடிந்ததும் கோப்போடு தாகேதா போனேன். அவனிடம் டிக்கைக் காட்டினேன்.

“நீங்க போட்டதா?”

“ஆமா.”

“வாசிச்சுச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“நான் கேட்டேனா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டு பேரும் ஃபெயில்” என்றான்.

அன்று மூன்று கட்டத்தையும் மெதுவாகத் தமிழில் வாசித்தேன். டோ மியாவுக்குப் பர்மியத்தில் அவனே சொன்னான். நீண்ட நேரம் யோசித்தான். மனைவி இல்லை. ஆராய்ச்சிக்கு வேண்டாம், யாரோ கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெட்கமாக இருக்கிறது என்றான். பேரப்பிள்ளை என்ற நினைப்பு டோ மியாவின் முகத்தில் வந்து போனதை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தைக் காட்டினான். புதிய தாளில், கோணலாக, அவன் கையாலேயே டிக் போட்டான்.

“அதே இடம்தான். ஆனா இது நான் போட்டது.”

பிறகு ஓரத்தில் பர்மியத்தில் ஒரு வரி எழுதினான். இறந்த அன்றே எடுத்துவிடக் கூடாது, ஏழாம் நாள் எடுக்க வேண்டும். “எல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல போகட்டும்” என்றான். ஆங் லின் என்று கையெழுத்துப் போட்டு, கீழே அருள் என்று எழுதித் தரச் சொன்னான். தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, படம் வரைவது போல வரைந்தான்.

பனிக்காலம் முடியும்போது, அவன் கேட்டுக்கொண்டபடியே, மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் இறந்தான். வார்டு முழுக்க வந்திருந்தது. சுடுகாட்டிலிருந்து வந்தபிறகு டோ மியா தட்டும் தண்ணீரும் வைத்தார். வாசல் கதவு திறந்தே இருந்தது.

ஏழாம் நாள் காலை, பொங்ஜிகள் தாகேதாவில் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், நான் டேங்கைத் திறந்து அவனுடைய ஸ்ட்ராவை எடுத்தேன். எங்கள் தலைமை மருத்துவர் பக்கத்தில் நின்று எண்ணைச் சரிபார்த்தார். மேசைமேல் வைத்தேன். வெள்ளையாகப் பூத்திருந்த பனி ஒரு நிமிடத்தில் போய்விட்டது. கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். டோ மியாவுக்குப் போன் செய்தேன்.

“எடுத்துட்டேன்.”

“இங்கயும் சொல்லிட்டேன் தமீ. போன்னு சொல்லிட்டேன். கதவ மூடிட்டேன், நோ.”

6

அன்றைய வேலை முடிந்ததும் அலமாரியில் இருந்த கோப்புகளை இறக்கினேன். ஆறு வருடத்தில் நான் நிரப்பியவை தனியாக ஒரு வரிசை. என் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரியும், அவ்வளவு ஒழுங்கு. எல்லாவற்றிலும் நாலாம் பக்கத்தில் டிக் இருந்தது. ஒரு கட்டமும் காலி இல்லை.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன?” என்று கேட்டார் மருத்துவர்.

“போட்டிருக்காங்க டாக்டர். நான் வாசிச்சுக் காட்டல.”

சனிக்கிழமை மதியங்களை எனக்கு ஒதுக்கித் தந்தார். நாலாம் பக்கத்தைத் தோழிகளின் உதவியோடு எளிய பர்மியத்தில் எழுதிக்கொண்டேன். என் உச்சரிப்பை அவர்கள் இரண்டு நாள் திருத்தினார்கள்.

போன சனிக்கிழமை முதல் பெயரை எடுத்து எண்ணை அழுத்தினேன். ஒரு பள்ளி ஆசிரியை. மூன்று கருக்கள் வைத்திருக்கிறார். மருத்துவமனை என்றதும் குரல் பதறியது.

“ஏதாவது கெட்டுப்போச்சா? கரண்ட் போயிருச்சா?”

“இல்லைங்க, எல்லாம் பத்திரமா இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட தாளை வாசிச்சுக் காட்டத்தான் கூப்பிட்டேன்.”

“அதான் அன்னைக்கே நீங்க நிரப்பிட்டீங்களே?”

“நிரப்பிட்டேன். வாசிக்கல.”

வாசித்தேன். கணவர் இறந்தால், மனைவி இறந்தால், இருவரும் இறந்தால். மறுமுனையில் அவர், கணவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்வது கேட்டது.

“முதல்லேருந்து இன்னொரு தடவ வாசிங்க” என்றார்.

வாசித்தேன்.